உங்களுக்குத் தெரியுமா? பவானிபூரின் ஆறு வாரக் குளிரும் சிக்கனமும்

தெற்குக் கொல்கத்தாவில், காளிகாட்டுக்குச் சற்று வடக்கே இருக்கிறது பவானிபூர். வங்காளிகளும் குஜராத்திகளும் சீக்கியர்களும் தலைமுறை தலைமுறையாகக் கலந்து வாழும் பகுதி. கொஞ்சம் தெற்கே போனால் லேக் மார்க்கெட், அங்கே தமிழ்க் குடும்பங்கள். டிசம்பர் நடுவில் வடக்கிலிருந்து காற்று திரும்பும். பிப்ரவரி தொடங்கியதும் அது தணிந்துவிடும். இடைப்பட்ட ஆறேழு வாரக் குளிரை இந்த ஊர் எப்படிக் கடக்கிறது? வெப்பத்தை விலைக்கு வாங்குவதைவிட, வீட்டில் ஏற்கெனவே இருக்கிற வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது மலிவு என்று இங்குள்ள பாட்டிகளுக்குத் தெரியும். அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

சென்னையோடு ஒரே பிரிவு
இந்தியாவின் கட்டட விதிகள் நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கின்றன. அதில் கொல்கத்தாவும் சென்னையும் ‘வெப்பமும் ஈரமும்’ என்ற ஒரே மண்டலத்தில் வருகின்றன. அதாவது பவானிபூர் வீடுகள் வெக்கையைத் துரத்துவதற்காகவே கட்டப்பட்டவை. காற்று புகுந்து புறப்பட வேண்டும் என்று வைத்த சன்னல்கள், உயர்ந்த கூரை, நடுமுற்றம் எல்லாம் ஜனவரியில் வெப்பத்தை வெளியே விட்டுவிடும். அந்த மாதம் இரவில் வெப்பநிலை சராசரியாக 14 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்குகிறது. சென்னையில் அதே மாதச் சராசரி 20 டிகிரிக்குச் சற்று மேல். கோடைக்குக் கட்டிய வீட்டைக் குளிருக்கும் பழக்குவதுதான் இங்கே குடும்பம் நடத்துகிறவர்களின் கெட்டிக்காரத்தனம்.

மின்சாரம் வருவதற்கு மூன்று மாதம் முன்பு
பவானிபூருக்கு அடுத்த பகுதியான அலிப்பூரில் வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. அதன் பதிவுகளில் ஜனவரி மாதத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை 6.7 டிகிரி. அது பதிவானது 1899 ஜனவரியில். கொல்கத்தா மின் வழங்கல் நிறுவனத்தின் முதல் அனல் மின் நிலையம் இமாம்பாக் சந்தில் இயங்கத் தொடங்கியது அதே ஆண்டு ஏப்ரல் 17-ல். ஊர் கண்ட கடுங்குளிரை அந்த மக்கள் பஞ்சாலும் கம்பளியாலும் அடுப்புக் கரியாலும்தான் தாங்கினார்கள்.

தெற்குச் சன்னல் செய்யும் வேலை
தெற்குப் பார்த்த வீடே வீடுகளில் அரசன் என்பது வங்காளத்தின் கனா முதுமொழிகளில் ஒன்றின் கருத்து. இதற்குக் கணக்கு இருக்கிறது. கொல்கத்தா ஏறக்குறைய 22.5 டிகிரி வட அட்சத்தில் உள்ளது. டிசம்பர் 21 அன்று நண்பகலில் சூரியன் தெற்கு வானில் 44 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஏழடி உயரத்தில் மேற்சட்டம் உள்ள தெற்குச் சன்னல் வழியாக வரும் வெயில், அறைக்குள் ஏழடிக்கு மேல் நீண்டு விழும். ஜூன் 21 அன்று சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல், 89 டிகிரியில் இருக்கும். அதே சன்னலில் நண்பகல் வெயில் உள்ளே வராது. வேண்டும் காலத்தில் வெயிலைக் கூப்பிட்டு, வேண்டாத காலத்தில் வாசலிலேயே நிறுத்தும் ஏற்பாடு இது. ஒரு காசு செலவில்லை. வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் ஜனவரி நண்பகலில் போய்ப் பாருங்கள். வெயில் எங்கே விழுகிறதோ அங்கே பாட்டியின் நாற்காலியைப் போடலாம்.

வெயிலை எண்ணிக் கொடுக்கும் கதவு
பழைய பவானிபூர் வீடுகளின் சன்னல் கதவுகளில் சாய்ந்த மரப்பட்டிகள் வரிசையாக இருக்கும். வங்காள மொழியில் இதற்குக் கொர்கொரி என்று பெயர். நடுவில் உள்ள செங்குத்துக் குச்சியை இழுத்தால் எல்லாப் பட்டிகளும் ஒன்றாகத் திரும்பும். கோடையில் வெயிலை மறைத்துக் காற்றை விடும். குளிர்காலத்தில் செய்ய வேண்டியது சுலபம்: காலை பத்து மணிக்குத் தெற்குக் கதவுகளை அகலத் திறக்க வேண்டும், நான்கு மணிக்குள் அடைத்துவிட வேண்டும். வடக்குக் கதவை நாள் முழுக்கத் திறக்கவே வேண்டாம்.

சுவருக்குள் பயணம் செய்யும் வெயில்
ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் வெளிப்புறத்தில் பட்ட வெயில் உட்புறம் வந்து சேர ஏறக்குறைய ஆறேழு மணி நேரம் ஆகும். பிற்பகல் இரண்டு மணி வெயிலின் சூடு இரவு எட்டு ஒன்பதுக்கு அறைக்குள் வருகிறது என்று அர்த்தம். பழைய மாளிகைகளில் சுவர் இதைவிட இருமடங்கு கனம். மேற்குச் சுவரை ஒட்டிக் கட்டிலைப் போட்டால் முன்னிரவில் அந்த இதம் கிடைக்கும். அதே கட்டிலைச் சித்திரையில் அங்கிருந்து நகர்த்திவிடுவதும் அவசியம்.

பாட்டுப் பாடி அடித்த தளம்
பழைய கொல்கத்தா மொட்டைமாடிகளில் செங்கல் ஜல்லி, சுர்க்கி, சுண்ணாம்பு சேர்த்துத் தளம் போடுவார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அந்தத் தாளத்துக்கென்றே தளம் அடிக்கும் பாட்டுகள் இருந்தன. தேக்குக் கட்டைகள் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசும் நம்மூர் ‘மெட்ராஸ் டெரஸ்’ இதற்கு உறவுமுறை. இந்தக் கனமான சுண்ணாம்புத் தளம் மழை நீரைத் தடுப்பதோடு, இரவில் கூரை வழியே வெப்பம் விரைந்து போகாமலும் பார்த்துக்கொள்கிறது.

பவானிபூர் தரைக்குப் பவானி ஜமக்காளம்
சிவப்பு ஆக்சைடு கலந்து மெழுகிய வழவழப்பான தரை இங்கே பழைய வீடுகளின் அழகு. குளிர்காலக் காலையில் அதில் கால் வைத்தால் ஜில்லென்று ஏறும். தரையும் மரக்கட்டிலும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். ஆனால் தரை நம் பாதத்தின் சூட்டை மரத்தைவிட வேகமாக இழுத்துக்கொள்கிறது. கால் படும் இடத்தில் ஒரு கனத்த விரிப்பைப் போட்டாலே இந்த இழப்பு நிற்கும். ஈரோடு மாவட்டத்துப் பவானியில் கைத்தறியில் நெய்யும் ஜமக்காளம் இதற்கென்றே பிறந்தது போன்ற பொருள். கல்யாணத்துக்கு வாங்கிப் பரணில் கிடக்கும் ஜமக்காளத்தை இறக்குங்கள்.

கதவுக்கு அடியில் ஓர் ஓட்டை
90 சென்டிமீட்டர் அகலக் கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், சுவரில் ஒன்பதரை சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஓட்டை போட்டதற்குச் சமம். யாரும் அப்படி ஓட்டை போட்டுவிட்டுத் தூங்க மாட்டோம். ஆனால் கதவடியை மறந்துவிடுகிறோம். பழைய புடவையை இறுகச் சுருட்டி இரண்டு முனையிலும் கட்டி, வாசற்படியோரம் வைத்தால் போதும். உள்ளே கொஞ்சம் மணல் நிரப்பித் தைத்தால் நகராமல் கிடக்கும்.

வில்லோடு வரும் மனிதர்
குளிர் தொடங்கும்போது சந்துகளில் ‘டங், டங்’ என்று ஓர் ஓசை கேட்கும். அது துனுரியின் வில். துனுரி என்றால் பஞ்சு கொட்டுகிறவர். பலரும் பீகாரிலிருந்து பருவத்துக்கு வருகிறவர்கள். ஆள் உயர வில்லைத் தோளில் சாய்த்து, நாணை மரக்கட்டையால் அடிப்பார். நாணின் அதிர்வில் கட்டிதட்டிப்போன பஞ்சு இழை இழையாகப் பிரிந்து பனிபோல எழும். பிறகு அதைத் துணி உறைக்குள் பரப்பி, குச்சியால் தட்டிச் சமப்படுத்தி, நீண்ட ஊசியால் தைத்துக் கொடுப்பார். சிவப்புச் சாலுத் துணி உறை போட்ட அந்தப் பஞ்சுப் போர்வைதான் லேப்.

இதில் விஞ்ஞானம் என்ன? நம்மைச் சூடாக வைப்பது பஞ்சு அல்ல, பஞ்சுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. ஆண்டுக்கணக்கில் மேலே படுத்தும் மடித்தும் பஞ்சு நசுங்கினால் காற்று வெளியேறிவிடும். போர்வையின் கனம் மட்டும் மிஞ்சும். துனுரி பழைய பஞ்சுக்குள் காற்றைத் திருப்பி வைக்கிறார். புது லேப் வாங்காமல் பழையதைக் கொட்டித் தைப்பது செலவில் பெரிய மிச்சம். கடையில் விற்கும் செயற்கை இழைப் போர்வைகள் பெருகப் பெருக இந்த ஓசை குறைந்துகொண்டே வருகிறது. உங்கள் தெருவில் இந்த வில் ஒலித்தால் கூப்பிட்டு வேலை கொடுங்கள். பிழைப்பு நிற்காவிட்டால் கலையும் நிற்காது.

தலையணைக்கு வேறு பஞ்சு
போர்வைக்குப் பருத்திப் பஞ்சு, தலையணைக்கு இலவம் பஞ்சு என்பது வங்காள வழக்கமும் நம் வழக்கமும். இலவ இழை உள்ளே பொள்ளலான குழல் போன்றது; மெழுகுப் பூச்சும் உண்டு. எடை குறைவு, ஈரம் ஏறாது. ஆனால் வழுக்கும் இழையாதலால் விரித்துப் போர்த்தும் போர்வைக்குள் ஓரிடத்தில் நிற்பது கடினம்.

மாடியில் முறை வைத்து வெயில்
காலை பத்து மணி பவானிபூர் மொட்டைமாடியில் லேப் காயும், ஊறுகாய் ஜாடி காயும், முழங்கால் வலிக்காரத் தாத்தாவும் காய்வார். போர்வையை வெயிலில் போடுவது வெறும் சுத்தத்துக்காக அல்ல. தூங்கும்போது உடலிலிருந்து வெளியேறும் ஈரத்தைப் பஞ்சு குடித்துக்கொள்கிறது. ஈரப்பஞ்சு வெப்பத்தைக் கடத்தும், காய்ந்த பஞ்சு தடுக்கும். இரண்டு மணி நேர வெயில் அன்றிரவின் இதத்தைக் கூட்டுகிறது.

நமக்குச் சித்திரை வடகம், அவர்களுக்கு மார்கழிப் போரி
உளுந்தை அரைத்து வெள்ளைப் பூசணித் துருவல் சேர்த்துக் கிள்ளி வைக்கும் நம் பூசணி வடகத்துக்கு வங்காளத்தில் அண்ணன் தம்பி உண்டு; பெயர் போரி. நாம் அதைக் கோடையில் போடுகிறோம். அவர்கள் குளிர்காலத்தில் போடுகிறார்கள். வங்காளத்துக் கோடைக் காற்றில் ஈரம் மிகுதி. அடிக்கடி மாலை மழையும் உண்டு. குளிர்கால வடகாற்றோ வறண்டது. காய்வதற்கு வெயிலின் கடுமையைவிடக் காற்றின் வறட்சி முக்கியம் என்பதை அந்த வீட்டுப் பெண்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

கந்தையும் காந்தாவும்
தமிழில் கிழிந்த துணிக்குக் கந்தை என்கிறோம். வங்காளத்தில் பழைய துணிகளை அடுக்கித் தைத்த போர்வைக்குக் காந்தா என்கிறார்கள். இரண்டுக்கும் வேர்ச்சொல் ஒன்றே: வடமொழியின் ‘கந்தா’. கட்டிக் கட்டி மெலிந்த புடவைகளும் வேட்டிகளும் மூன்று நான்கு அடுக்காகச் சேர்ந்து, சின்னச் சின்ன ஓட்டுத் தையலால் ஒன்றாகின்றன. தைக்கும் நூலையும் வாங்க வேண்டாம். பழம்புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலே போதும். அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய காற்றுதான் இங்கேயும் சூட்டைக் காக்கிறது.

சிக்கனத்தில் பிறந்த இந்தப் பொருள்தான் வங்காளத்தின் பெருங்கலைகளில் ஒன்றாக வளர்ந்தது. தாமரை, மீன், ரதம், கல்யாண ஊர்வலம் எல்லாம் தையலில் ஏறிய நக்ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கவிஞர் ஜசீமுத்தீன் 1929-ல் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைக்கவிதை இதன் பெயரையே தாங்கியது. கொல்கத்தாவின் தெற்கு எல்லையில் ஜோக்காவில் உள்ள குருசதய் தத் அருங்காட்சியகம் பழைய காந்தாக்களைச் சேர்த்து வைத்தது. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் சுற்றாமல் காந்தாவில் சுற்றுவார்கள். பலமுறை துவைத்து நைந்த துணியைப்போல மென்மையானது எதுவுமில்லை. நம் வீட்டுத் தூளிக்கு அம்மாவின் பழைய நூல்புடவையைத் தேடுகிறோமே, அதே காரணம்தான்.

கொசுவலைக்கு இரண்டாவது வேலை
1898-ல் ரொனால்டு ராஸ் பறவை மலேரியா கொசுவால் பரவுவதை நிறுவியது பவானிபூரின் ஓரத்தில், இன்று எஸ்.எஸ்.கே.எம். என்று வழங்கும் மருத்துவமனை வளாகத்து ஆய்வுக்கூடத்தில்தான். 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொல்கத்தாவில் குளிர்காலத்திலும் கொசு ஓய்வதில்லை. ஆகவே கொசுவலையும் இறங்குவதில்லை. துணிவலைக்குள் காற்று ஓட்டம் குறைகிறது. தூங்குகிறவரின் சூடு கொஞ்சம் உள்ளேயே தங்குகிறது. கொசுவைத் தடுக்கக் கட்டிய வலை, குளிருக்கும் ஒரு திரை.

நீங்களே ஒரு கணப்பு
சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். ஐந்து பேர் ஒரே அறையில் கூடினால் 500 வாட். ஆளுக்கோர் அறையில் தனித்தனியாக இருப்பதைவிட, முன்னிரவில் எல்லோரும் ஒரே அறையில் பாடம் படித்து, பேசி, சாப்பிட்டால் அந்த அறை தானாகவே இதமாகும். கூட்டுக் குடும்பத்தில் யாரும் இதைக் கணக்குப் போட்டுச் செய்ததில்லை. தாத்தாவின் கட்டிலைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

குரங்குக் குல்லாவின் ஊர்
முகம் மட்டும் தெரியத் தலையும் கழுத்தும் மூடும் ‘மங்கி டூபி’ வங்காளியின் குளிர்கால அடையாளம். உலகம் அதைப் பாலக்ளாவா என்று அழைக்கிறது. 1854-ல் கிரிமியப் போரின் முக்கியமான சண்டை நடந்த ஊர் அது. இன்னொரு செய்தி: உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகப் போய்விடும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. தலை, உடற்பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். வெப்ப இழப்பும் அந்த அளவிலேயே. ஆனாலும் காதும் கழுத்தும் குளிரைச் சட்டென்று உணரும் இடங்கள். விடியற்காலையில் பால் வாங்கப் போகும் பெரியவருக்குக் குல்லா தேவைதான்.

மலையிலிருந்து வரும் கம்பளி
ஒவ்வொரு குளிர்காலத்திலும் மத்திய கொல்கத்தாவின் வெலிங்டன் சதுக்கத்தில் கம்பளிக் கடைகள் வரிசையாக முளைக்கும். ஊரார் அதைப் பூட்டியாச் சந்தை என்பார்கள். விற்பவர்களில் பலர் திபெத்தியர்கள். வீடு தேடி வருகிறவர் காஷ்மீரத்துச் சால்வைக்காரர். மூட்டையை முன்னறையில் அவிழ்த்து, தவணையில் விற்று, பழகிய வீடுகளுக்கு ஆண்டுதோறும் திரும்பி வருவார். நல்ல கம்பளிச் சால்வை ஒன்று இருபது குளிர்காலம் உழைக்கும். ஆண்டுக்கொரு மலிவுச் சட்டையைவிட அதுவே சிக்கனம்.

பிரித்துப் பின்னிய ஸ்வெட்டர்
பையன் வளர்ந்துவிட்டால் ஸ்வெட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். ஓரத்து முடிச்சை அவிழ்த்து இழுத்தால் உல்லன் நூல் முழுவதும் பிரிந்து வரும். சுருள் சுருளாக இருக்கும் நூலைக் கண்டாகச் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, அடியில் சிறு பாரம் கட்டித் தொங்கவிட்டால் நேராகிவிடும். குறைகிற நூலுக்கு வேறு நிறம் சேர்த்துப் பட்டை போடலாம். அண்ணனின் ஸ்வெட்டர் தம்பிக்குப் பட்டை போட்டு வருவது இப்படித்தான்.

ஒரு யூனிட்டில் பதினான்கு பை
இரண்டு லிட்டர் வெந்நீர்ப் பை 60 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஆறும்போது தரும் வெப்பம் 0.07 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 1000 வாட் அறை ஹீட்டர் அதே அளவை நான்கே நிமிடத்தில் தின்றுவிடும். எட்டு மணி நேரம் ஓடினால் எட்டு யூனிட். ஹீட்டர் அறை முழுவதையும் சூடாக்குகிறது. வெந்நீர்ப் பை போர்வைக்குள் உங்கள் பாதத்தை மட்டும் சூடாக்குகிறது. பையைத் துணியில் சுற்றி, மூடியைச் சரிபார்த்து வையுங்கள். கைக்குழந்தையின் படுக்கையில் மட்டும் வேண்டாம்.

பூமிக்கு அடியில் குளிர்காலம் இல்லை
இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை, சுரங்கப் பாதையில் 3.4 கிலோமீட்டர் ஓடியது. அந்தப் பவானிபூர் நிலையத்துக்கு இப்போது நேதாஜி பவன் என்று பெயர். தரைக்கடியில் ஆழம் கூடக்கூடப் பருவம் மங்கும். பத்து மீட்டருக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றே. அது ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி இருக்கும். கொல்கத்தாவில் அது 26 டிகிரிக்குப் பக்கம். ஜனவரிக் காலையில் அடிபம்பில் அடித்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதன் ரகசியம் இதுதான். மாடித் தொட்டி நீரோ இரவெல்லாம் குளிர்ந்து கிடக்கும்.

குளியலின் நேரம்
மாடித் தொட்டியை வெயில் சூடாக்கிய பிறகு, நண்பகலில் குளிப்பது இங்கே வயதானவர்களின் வழக்கம். அதற்கு முன் வெயிலில் உட்கார்ந்து கடுகெண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். காலையிலேயே குளித்தாக வேண்டியவர்கள் வாளியில் குளிக்கட்டும். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 20 டிகிரி உயர்த்த 0.35 யூனிட் போதும். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவரில் ஐந்து நிமிடம் நின்றால் 1.16 யூனிட். வாளியும் செம்பும் வைத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்குச் செலவு.

கரித்தூள் உருண்டையும் கண்ணுக்குத் தெரியாத நஞ்சும்
நிலக்கரி வாங்கும்போது மிஞ்சும் தூளைக் களிமண்ணோடு பிசைந்து உருட்டி, மாடியில் காயவைத்து அடுப்பெரித்தார்கள். இதற்குக் குல் என்று பெயர். சிக்கனத்தில் சிறந்ததுதான், ஆனால் ஊர் மூச்சுத் திணறியது. குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துவிடும். மேலே உள்ள இளஞ்சூட்டுக் காற்று மூடிபோல அமரும். அடுப்புப் புகையும் ஆலைப் புகையும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஆலைப் புகையைக் கட்டுப்படுத்த 1905-லேயே வங்காளப் புகைத் தொல்லைச் சட்டம் வந்தது.

இன்றும் சிலர் மால்சா என்னும் மண்சட்டியில் கரி நெருப்பை வைத்துக் கதவடைத்துத் தூங்குகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கரி புகையாமல் கனன்றாலும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். காற்றோட்டமில்லாத குளியலறையில் வைத்த கேஸ் கீசரும் அப்படித்தான். மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் நெருப்பு இருக்கும் அறையில் காற்றுக்குச் சிக்கனம் கூடாது.

ஆட்டின் கம்பளியிலிருந்து பச்சைக் குழாய்க்கு
குளிர் வந்தால் உதடும் குதிகாலும் வெடிக்கும். 1929-ல் கொல்கத்தாவில் பிறந்த, பச்சைக் குழாயில் வரும் போரோலின் களிம்பு இன்றும் வங்காளி வீடுகளின் தலையணையோரம் இருக்கும். அதன் பொருள்களில் ஒன்று லானோலின். ஆட்டுக் கம்பளியில் இயற்கையாக ஊறும் மெழுகு அது. மழையிலும் பனியிலும் ஆட்டைக் காப்பது.

குளிர் கூடக்கூட இனிப்பு
ஈச்ச மரத்தைச் சீவி, மாலையில் மண்பானை கட்டி, விடியுமுன் இறக்குவார்கள். இரவு எவ்வளவு குளிரோ, சாறு அவ்வளவு தெளிவு. வெயில் ஏறினால் புளிக்கத் தொடங்கிவிடும். நம் பதநீருக்குச் சுண்ணாம்பு செய்யும் வேலையை அங்கே குளிர் செய்கிறது. அந்தச் சாற்றைக் காய்ச்சியதுதான் நலேன் குர் என்னும் புதுவெல்லம். 1885-ல் பவானிபூரில் தொடங்கிய பலராம் மல்லிக் இனிப்புக் கடையில் அந்த வெல்லத்துச் சந்தேஷ் வாங்க மக்கள் குளிருக்காகக் காத்திருப்பார்கள்.

ஒரே நாள், இரண்டு அடுப்பு
நம் தைப்பொங்கலை ஒட்டியே அவர்களுக்குப் பௌஷ சங்கராந்தி. இங்கே பொங்கல், அங்கே பிட்டே. புது அரிசி, தேங்காய், புதுவெல்லம் என்று பொருள்கள் ஒன்றே. நம் கொழுக்கட்டையைப் போல ஆவியில் வேகும் வகையும் உண்டு. அடுக்களையில் எழும் அந்த ஆவி வீட்டையே ஒரு மாலைக்குச் சூடாக்கிவிடும்.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய மூடிய விசிறி
நவம்பர் முடிவில் பவானிபூரில் மின்விசிறியைத் துடைத்து, சிலர் துணி உறையும் போட்டு மூடிவிடுவார்கள். சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் நக்கீரரும் இதையே பார்த்திருக்கிறார். வாடைக் காலத்துப் பழைய ஊரில் அழகிய விசிறிகள் சுருக்கி மாட்டப்பட்டு, சிலந்தி வலை படிந்து தொங்குகின்றன. சன்னல் கதவுகள் தாழிடப்பட்டிருக்கின்றன. குறுகிய வாய்ச் செம்பின் தண்ணீரைத் தொடாமல், தடவு என்னும் அகன்ற வாய் நெருப்புச் சட்டியைச் சுற்றி மக்கள் அமர்கிறார்கள். குளிருக்கு மனிதர் செய்யும் ஏற்பாடு எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் ஏறக்குறைய இதுவே.

நீலகிரியின் சின்ன வாசல்
தோடர்களின் பழைய குடிசை, பாதியாக வெட்டிய பீப்பாயைக் கவிழ்த்தது போல வளைந்திருக்கும். வாசல் மூன்றடி உயரம்தான்; தவழ்ந்து போக வேண்டும். வாசல் சிறிதானால் சூடு வெளியேறும் வழியும் சிறிது. பவானிபூர்ப் பாட்டி கதவடியில் வைக்கும் புடவைச் சுருளும் நீலகிரியின் குட்டி வாசலும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன.

18 என்ற எண்
குளிர்நாடுகளிலும் மிதவெப்ப நாடுகளிலும் குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்தது. நமக்கும் இது நல்ல அளவுகோல். முதியவரும் கைக்குழந்தையும் உள்ள அறையில் ஒரு சின்ன வெப்பமானி மாட்டுங்கள். அதற்குக் கீழே இறங்கும் இரவில் அவர்களுக்காக ஹீட்டர் போடுவது வீண்செலவு அல்ல. மற்ற இரவுகளில் மிச்சம் பிடிப்பதே இந்த இரவில் தயங்காமல் செலவழிக்கத்தான்.

பெட்டிக்குத் திரும்பும் நாள்
சரஸ்வதி பூஜை முடிந்து தெற்கிலிருந்து காற்று வீசத் தொடங்கினால் குளிர்காலம் விடைபெறுகிறது. லேப்புக்கும் காந்தாவுக்கும் சால்வைக்கும் கடைசி வெயில் காட்டுவார்கள். நன்றாக ஆறிய பிறகு, காய்ந்த வேப்பிலையை மடிப்புகளுக்கு நடுவே வைத்து, தகரப் பெட்டியில் அடுக்குவார்கள். சூடாகவே மடித்தால் உள்ளே ஈரம் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். மேலே இருக்க வேண்டியது காந்தா. மறு ஆண்டு முதல் வாடை வீசும் இரவில் பெட்டியைத் திறந்ததும் கைக்கு முதலில் வருவது அதுதான். வேப்பிலை வாசனையோடும், அதைத் தைத்தவரின் பழைய புடவைக் கரையோடும்.